வகிடு

நார்த்வேயில் பெட்ரோல் போட்டவன் பெயர் அப்னர்.
துப்பாக்கி இருக்கா என்று அவன் கேட்கவில்லை.
அலாஸ்காவில் அப்படிக் கேட்பது
காலில் செருப்பு இருக்கா என்று கேட்பது மாதிரி.

இருந்தது. பின்னிருக்கைக்கு அந்தப் பக்கம்
நீளமாக ஒன்று, கரடிக்காக.
அதற்கான படிவம் நிரப்பி, கையெழுத்து மட்டும் போடாமல்:
அதை அதிகாரி பார்க்கத்தான் போட வேண்டுமாம்.
கட்டணம் தனி உறையில்.
நான் ஒழுங்கானவள்.
மாண்டானா வரைக்கும் இறங்கும் ஒவ்வொரு ஊருக்கும்
காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு உயரம்
என்று எழுதிய தாளிலேயே
எங்கே பூட்டு வேண்டும், எங்கே உறை போதும்,
எங்கே குண்டுக்குத் தனிப் பெட்டி என்றும்
பென்சிலால் குறித்து வைத்திருந்தேன்.

இருபது நிமிடத்தில் எல்லை தெரிந்தது.
மேலிருந்து பார்த்தால் அது ஒரு வகிடு.
ஸ்ப்ரூஸ் காட்டை இரண்டாகப் பிரித்து
வடக்கிலிருந்து தெற்கே சீப்பை இழுத்திருக்கிறார்கள்.
அவ்வளவு நேராக எந்த அம்மாவும் இழுத்ததில்லை.
அதன் நடுவே ஒரு மூஸ்
தலை ஒரு நாட்டில், பின்னங்கால் ஒரு நாட்டில்,
சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது.

தாண்டின பிறகுதான் விரல் குளிர்ந்தது.
கையுறை தேடி
உயிர்காப்புப் பைக்குள் கைவிட்டுத் துழாவினேன்.
தீப்பெட்டி. தூண்டில் முள். கம்பளி சாக்ஸ் ஒன்று.
ஒற்றை சாக்ஸ் இவ்வளவு கனக்காது.

ட்ரிக்வியின் ரிவால்வர்.
போன செப்டம்பரில் அவனை ஆறு கொண்டுபோயிற்று.
விமானத்தை என் பெயருக்கு எழுதி வைத்திருந்தான்.
இதைப் பற்றி எழுதவில்லை.

இரண்டு நிமிடத்துக்கு முன்னால் இது ஒரு சாமான்.
இப்போது குற்றம்.
அது சாக்ஸுக்குள் படுத்த இடத்தில் படுத்திருந்தது.
வகிட்டைத் தாண்டியது நான்,
மணிக்கு நூற்றிருபது மைல் வேகத்தில்.

திரும்பிவிடலாம்.
திரும்பினால் திரும்பியதற்கும் ஒரு படிவம்.
கீழே சாம்பல் நிறத்தில் ஒரு ஓடை,
ஜன்னலைத் தள்ளினால் தீர்ந்தது.
தள்ளினேன்.
காது அடைத்தது, தாள் பறந்தது, கண்ணில் நீர்.
மூடிவிட்டேன்.
அவனைத் திருப்பித் தரவே
தண்ணீருக்கு ஒன்பது நாள் ஆயிற்று.
இன்னொன்றையும் அதனிடம் கொடுப்பதாக இல்லை.

பீவர் க்ரீக்.
ஓடுபாதை ஓரத்தில், சொன்ன நேரத்துக்கு,
காது வரை தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு
டெல்ஃபின் என்ற அதிகாரி.
வணக்கம் சொல்லுமுன்னே சாக்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

இறக்கையின் மேல் துணி விரித்து எண்ணினாள்.
"அறை ஆறு. குண்டு ஐந்து. ஆறாவது எங்கே?"
"ஆறாவது கிடையாது.
சுத்தியலுக்கு நேரே ஒன்றைக் காலியாக விடுவான்.
கைதவறி விழுந்தாலும்
யார் மேலும் பட்டுவிடக் கூடாதென்று."
பேனா நின்றது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"தம்பியா?"
"இரட்டை. நாலு நிமிடம் சின்னவன்."

பிறகு தொண்டையைச் செருமி,
"கைவிடுகிறீர்களா?" என்றாள்.
அது அவள் சொல்லில்லை, சட்டத்தின் சொல்.
ஆமாம் என்று ஒரு முறை சொன்னால் போதவில்லை,
எழுத்திலும் கேட்டார்கள்.
கடலுக்கு அப்பால் இருக்கும் மன்னருக்கு
ட்ரிக்வியின் ரிவால்வர் சொந்தமாயிற்று.
அவருக்குத் தெரியப்போவதில்லை.
நீளமானதை மட்டும் பூட்டி
திருப்பி ஏற்றிக்கொள்ளச் சொன்னாள்,
அதற்குத்தான் காசு கட்டியாயிற்றே.

எஞ்சினை முடுக்கும்போது ஓடி வந்து கதவைத் தட்டினாள்.
அபராதம் என்று நினைத்தேன்.
"இதற்குத் தடையில்லை" என்று
சாக்ஸை நீட்டினாள்.

வைட்ஹார்ஸ் வரைக்கும்
அதைக் கையில் மாட்டிக்கொண்டு ஓட்டினேன்.
எண்ணெய் வாசம்.
ஒரு கைக்குத்தான் வந்தது.